31ஆம் நாள் நினைவு மலர்: தொகுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

செத்தவீடு முடிந்து, காடாற்றிச் சாம்பல் அள்ளி, எட்டாம் நாள் எட்டுச் செலவும் கழிந்த கையோடு யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும்: “கல்வெட்டு ஒண்டு அடிக்கவேணும், ஆர் பொறுப்பெடுக்கிறது?” நினைவு மலரைத்தான் கல்வெட்டு என்பார்கள். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு வீட்டில் கொஞ்சம் எழுத வாசிக்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு மகளிடமோ மருமகனிடமோ பெறாமகனிடமோ வந்து சேரும். துக்கத்துக்கு நடுவே, கைவசம் எதுவும் இல்லாமல், சில நாட்களில் ஒரு புத்தகத்தை முடிக்கவேண்டிய அவர்களுக்காகவே இந்தப் பக்கம். உறவினர், அயலார் எனப் பலருக்கு இந்த மலர்களைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

நினைவு மலர் எதற்கு? 31ஆம் நாளுக்கே ஏன் வரவேண்டும்?

இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் கிரியை அந்தியேட்டி. கீரிமலையிலோ வேறு தீர்த்தக்கரையிலோ கிரியை முடித்து, வீட்டுக்கிருத்தியமும் நடந்து, மதிய போசனத்துக்கு உறவும் ஊரும் கூடும். செத்தவீட்டுக்கு வந்தவர்கள், வரமுடியாமல் போனவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சேரும் நாள் அது. சாப்பிட்டு எழும்பிப் போகும்போது ஆளுக்கொரு மலரைக் கையில் கொடுப்பது வழக்கம். ஒரு பக்கம் அது நன்றி சொல்லும் முறை. இன்னொரு பக்கம், சாதாரண மனிதர் ஒருவரின் வாழ்க்கை அச்சில் ஏறுவதற்கு எங்கள் சமூகம் வைத்திருக்கும் ஒரே இடம் அதுதான். அரசியல்வாதிக்கும் எழுத்தாளருக்கும் வேறு இடங்கள் உண்டு. தோட்டம் செய்தவருக்கும், முப்பது வருடம் ஒரே கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவருக்கும், பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டே ஆயுளைக் கழித்த அம்மாவுக்கும் இதை விட்டால் வேறொன்றும் இல்லை. ஆகவே கடமைக்கு அடிக்கவேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்கு எத்தனை நாள் கிடைக்கும்?

கணக்கில் 31 நாள். முதல் வாரம் வேலைக்கு உதவாது, உதவவும் வேண்டாம். எட்டுக்குப் பிறகு தொடங்கினால் 20ஆம் நாளுக்குள் எழுத்தும் படமும் ஒருவர் கைக்கு வந்திருக்கவேண்டும். அச்சகத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள், அதற்கு முன் ஒப்புநோக்க இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் கோயில் திருவிழா வேலைகளால் அச்சகங்கள் நிரம்பி வழியும். ஆகவே முதலில் அச்சகத்தில் நாளைச் சொல்லிவைத்துவிட்டு எழுத்து வேலைக்குப் போங்கள்.

வாழ்க்கை வரலாற்றை யார் எழுதுவது?

ஒருவர் எழுதவேண்டும், பலர் சொல்லவேண்டும். ஊரில் பேச்சாற்றல் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. அவர் அழகாகத்தான் எழுதித் தருவார், ஆனால் வீட்டுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. வீட்டில் ஒருவர் எழுதி, அந்த ஆசிரியரிடம் திருத்தக் கொடுப்பது நல்லது.

சொல்லக்கூடியவர்களில் வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். இறந்தவரின் அக்காவோ தம்பியோ உயிரோடு இருந்தால் அவரே முதல். மனைவி அல்லது கணவரிடம் கடைசியாகப் போகலாம், அவசரப்படுத்தவேண்டாம். கைபேசியில் பதிவை ஓடவிட்டுவிட்டுக் கதையுங்கள். குறிப்புப் புத்தகத்தைக் கண்டால் பலர் மேடையில் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

என்ன எழுதுவது? “எல்லோருடனும் அன்பாகப் பழகினார்” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அந்த வரி எந்த மலரிலும் இருக்கும். பெயரை மாற்றினால் இன்னொருவருக்கும் பொருந்தும். எழுதிய ஒவ்வொரு வரியையும் அப்படிச் சோதித்துப் பாருங்கள்: பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைப் போட்டாலும் அது சரியாக இருந்தால், அந்த இடத்தில் இன்னும் கேட்டறிய ஏதோ இருக்கிறது.

“அன்பாகப் பழகினார்” என்று சொன்னவரிடமே “எப்படி?” என்று கேளுங்கள். பதில் இப்படி வரும்: “விடிய நாலரைக்கு எழும்பிப் புகையிலைக்குத் தண்ணி மாறிப்போட்டு, சைக்கிள்ள பள்ளிக்கூடம் போவார். போற வழியில கிழவி ஒருத்திக்குத் தினமும் பாண் வாங்கிக் குடுப்பார். அவ ஆரெண்டு எங்களுக்கு இண்டைக்கும் தெரியாது.” இதை அப்படியே எழுதுங்கள், அன்பு என்ற சொல் தேவைப்படாது.

எனக்குப் பலன் தந்த கேள்விகள் சில. கோபம் வந்தால் என்ன செய்வார்? சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பார்? ஒடியல் கூழ் என்றால் எந்த வீட்டுக்கு ஓடுவார்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்? கடிதம் எழுதினால் எப்படித் தொடங்குவார்? யாரோடு பல வருடம் கதைக்காமல் இருந்து, பிறகு எப்படிச் சேர்ந்தார்? ஆஸ்பத்திரியில் கடைசியாக எதைப் பற்றி விசாரித்தார்? அம்மாக்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். “சிறந்த இல்லத்தரசி” என்ற இரண்டு சொல்லோடு ஒரு முழு ஆயுளும் முடிந்துபோன மலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் எதுவரை படித்தார், படிப்பு ஏன் நின்றது, இடப்பெயர்வில் பிள்ளைகளை எப்படிக் கொண்டுபோனார், நகையை எப்போது எதற்காக அடைவு வைத்தார் என்று கேட்டாலே நாலு பக்கம் நிறையும்.

ஆண்டுகள் எதுவும் சரியாகத் தெரியவில்லையே?

வயதானவர்களிடம் “எந்த ஆண்டு?” என்று கேட்டால் தடுமாறுவார்கள். “எதுக்கு முன்னம், எதுக்குப் பிறகு?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் காலத்தைச் சம்பவங்களால்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். புயல் என்றால் வடக்கில் 1964 டிசம்பர், மட்டக்களப்பில் 1978 நவம்பர். தமிழாராய்ச்சி மாநாடு 1974 ஜனவரி. யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981 மே கடைசியும் ஜூன் முதலும். கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறை வந்தது 1983. இந்திய ஆமி வந்தது 1987, போனது 1990. வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் எல்லோரும் வெளிக்கிட்டது 1995 ஒக்டோபர் 30. சுனாமி 2004 டிசம்பர் 26. யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர்.

“அண்ணைக்குச் சீமெந்துத் தொழிற்சாலையில வேலை கிடைச்சது புயலுக்கு அடுத்த வருசம்” என்று ஒரு சொல் வந்தால் 1965 என்று எழுதிவிடலாம். உறுதி இல்லாவிட்டால் “1960களின் நடுப்பகுதியில்” என்று எழுதினால் போதும். ஊகத்தை ஆண்டாக்கி அச்சில் போட்டால் நாளைக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

பிறந்த தேதியில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்லும், சாதகக் குறிப்பு வேறொன்று சொல்லும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டியும் குறைத்தும் பதிந்த காலம் அது. வீட்டில் எந்த நாளைக் கொண்டாடினார்களோ அதை முகப்பில் போடுங்கள், மற்றதை வரலாற்றில் ஒரு வரியாகச் சொல்லுங்கள்.

பழைய படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது.

உங்கள் வீட்டில் இல்லாதது மற்றவர் வீட்டில் இருக்கும். கலியாண வீட்டுப் படங்களைத் தேடுங்கள். இறந்தவரின் கலியாணத்தை விட்டுவிட்டு, அவர் மாப்பிள்ளைத் தோழனாகவோ தோழியாகவோ நின்ற கலியாணங்களைக் கேட்டுப் பாருங்கள். 1990க்கு முன் வெளிநாடு போனவர்களின் அல்பங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. ஊரிலிருந்து கடிதத்தோடு அனுப்பிய படங்கள் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் பத்திரமாக இருக்கும். பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், வேலைத்தலத்துப் பிரிவுபசாரப் படம் இவற்றையும் பாருங்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி முகப்பில் போடுவதைக் கடைசி வழியாக வையுங்கள்.

அல்பத்தில் ஒட்டியபடியே பிளாஸ்டிக் தாளுக்கு மேலாலே படமெடுத்தால் வெளிச்சம் தெறிக்கும். முடிந்தால் படத்தை வெளியே எடுத்து, யன்னல் ஓரத்தில் நேர்வெயில் படாத இடத்தில் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல் நேர்மேலே இருந்து எடுங்கள். பழைய பசையில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரிக்கவேண்டாம், கிழிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி அச்சில் மங்கும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். இன்று எல்லோருக்கும் தெரிந்த முகங்களை இருபது வருடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

திதியை எப்படிப் போடுவது? கனடாவில் இறந்தவருக்கு எந்த நேரம்?

திதி வெண்பா மலரின் பழைய அங்கம். ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி, யார், எந்த ஊர் என்பவை நான்கு அடிக்குள் வரும். ஆண்டுத் திவசத்துக்கு அந்த நாலடியைப் பார்த்தே நாள் குறிப்பார்கள். வெண்பா தெரிந்தவர் ஊரில் கிடைத்தால் எழுதுவியுங்கள். கிடைக்காவிட்டால் தளை தட்டும் ஒன்றை வலிந்து கட்டாமல் “விசுவாவசு வருடம், ஆவணி மாதம், அபரபக்க தசமி” என்ற மாதிரி உரைநடையில் தெளிவாகப் போட்டால் போதும்.

யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இரண்டும் புழக்கத்தில் உண்டு. இரண்டிலும் திதி மாறும் நேரம் வேறுபடலாம். உங்கள் குடும்பக் குருக்கள் எதைப் பார்க்கிறாரோ அதையே பின்பற்றுங்கள்.

வெளிநாட்டு மரணத்தில் பலர் குழம்புவது இங்கேதான். திதி சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணத் தூரத்தைக் கொண்டு வருவது, ஆகவே உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறும். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால் மரண நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். ரொறன்ரோவில் ஜூலை 5 இரவு 10 மணி என்றால் இலங்கையில் ஜூலை 6 காலை 7.30. இதைக் கவனிக்காமல் 5ஆம் தேதிக்குரிய திதியைப் போட்டுவிட்டு, பிறகு வருடா வருடம் தவறான நாளில் விரதமிருக்கும் குடும்பங்கள் உண்டு. முகப்பில் போடும் மறைவுத் தேதி மட்டும் அவர் இறந்த நாட்டுத் தேதியாக, மரணச் சான்றிதழில் உள்ளபடி இருக்கட்டும்.

வம்சாவளியில் யார் பெயர் முதலில்? காணாமல் போன மகனை எப்படி எழுதுவது?

இறந்தவரின் பெற்றோரின் பெற்றோரில் தொடங்குங்கள், முடிந்தால் அதற்கு மேலும் போங்கள். பிள்ளைகளை வயது ஒழுங்கில் எழுதுங்கள். ஆண்களை முதலில் எழுதிப் பெண்களைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் சில மலர்களில் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பெண்கள் கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு மட்டும் வருவதால் அடி தெரியாமல் போகிறது. தகப்பன் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பிறந்து சில நாளில் இறந்த பிள்ளைகளையும் எழுதுங்கள். பெயர் வைக்காமல் இறந்திருந்தால் “பெண் குழந்தை, பிறந்து மறைந்தது” என்று எழுதலாம். அந்த ஒரு வரியைக் கண்டதும் தாய்மார் என் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள்.

இறந்த உறவினரின் பெயருக்கு முன் “அமரர்” அல்லது “காலஞ்சென்ற” வரும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அதைப் போடக்கூடாது. 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த மகனை இன்றைக்கும் தேடும் தாய்க்கு, அப்பாவின் மலரில் மகன் “அமரர்” ஆகியிருந்தால் அது எவ்வளவு பெரிய அடி. அச்சகத்தில் தட்டச்சு செய்பவர் வழக்கத்தில் சேர்த்துவிடுவதும் நடக்கும், ஒப்புநோக்கும்போது இந்த இடத்தை இரண்டு தடவை பாருங்கள். தாயிடம் கேட்டு, அவர் சொல்லும் சொல்லைப் போடுங்கள். பெயரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து, அடைமொழி இல்லாமல், வயது ஒழுங்கில் வைக்கச் சொல்பவர்களே அதிகம்.

போரில் இறந்தது உறுதியாகி, நாள் மட்டும் தெரியாதவர்களுக்குப் பல குடும்பங்கள் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்கின்றன. தாய்க்குச் சித்திரா பௌர்ணமியில் விரதமிருக்கும் வழக்கமும் உண்டு.

குடும்பத்துக்குள் கதை பேச்சில்லை. அவர்களையும் சேர்க்கவேண்டுமா?

சேருங்கள். மலர் இறந்தவருடையது, எஞ்சியிருப்பவர்களின் வழக்குக்கு அதில் இடமில்லை. முதல் தாரத்துப் பிள்ளைகள், வேறு சாதியிலோ சமயத்திலோ கலியாணம் செய்ததால் ஒதுக்கப்பட்டவர்கள், விவாகரத்தான மருமகள் என யாராயினும் இறந்தவரோடு அவருக்கிருந்த உறவு உறவுதான். விட்டுப்போன ஒரு பெயர் அந்த மனிதரை ஆயுள் முழுக்க வருத்தும். மரணத்தின் காரணத்தை எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரென்றால் வாழ்ந்த விதத்தை எழுதுங்கள். முடிவை மறைக்கப் பொய்யான நோய்க்கதையைக் கட்டவேண்டாம்.

புலம்பல் பாடல்கள் கட்டாயமா?

மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசையாக விருத்தத்தில் போடுவது பழைய முறை. நல்ல புலவர் கையில் அவை நெஞ்சை உருக்கும். இப்போது அச்சகங்களில் தயாராக இருக்கும் பாடல்களில் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். அப்படிப்பட்டதற்கு என் வாக்கு இல்லை. செத்தவீட்டில் அம்மா சொல்லி அழுத நாலு வரி ஒருவருக்காவது நினைவிருக்கும், அதைக் கேட்டு எழுதுங்கள். பேரப்பிள்ளை தன் கையெழுத்தில் எழுதிய ஒரு கடிதத்தைப் படமாகவே போடுங்கள்.

எந்தப் பதிகங்களைச் சேர்ப்பது?

பஞ்சபுராணமும் சிவபுராணமும் வழக்கமாக இருக்கும். செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடிய திருப்பொற்சுண்ணத்தையும் பலர் சேர்க்கிறார்கள். அவர் தினமும் பாடிய பதிகம் எது என்று கேட்டு அதற்கு முதலிடம் கொடுங்கள். ஊர்க் கோயிலின் திருவூஞ்சற்பாட்டு கிடைத்தால் விடவேண்டாம். சிறு கோயில்களின் ஊஞ்சற்பாட்டுகள் சில இன்று நினைவு மலர்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியோடு மலர் கொடுக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய உண்டு. சிலர் நவம்பர் 2, இறந்த ஆன்மாக்களின் நாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். பதிகத்தின் இடத்தில் செபமும் திருப்பாடலும் வரும், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

வாழ்க்கை வரலாற்றை மட்டும் அவர்கள் படிக்கும் மொழியில், ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜேர்மனோ, மூன்று நான்கு பக்கத்தில் சேருங்கள். மொழிபெயர்ப்பை அந்தப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். அம்மம்மாவைப் பற்றி ஒரு வரி எழுத அவர்கள் பத்துக் கேள்வி கேட்பார்கள்.

அச்சகத்தில் எதைக் கவனிப்பது?

ஏ5 அளவு கைக்கு அடக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் பிரியவேண்டும், 24, 28, 32 என்று. எங்கள் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவே அதிகம். நீங்கள் யூனிகோட்டில் தட்டச்சு செய்து கொடுத்தால் மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ போன்ற எழுத்துகளும் கொம்புகளும் இடம் மாறும். பெயர்கள் நிறைந்த வம்சாவளிப் பக்கத்தில் இது பெரிய ஆபத்து. கடைசிப் பிரதியைத் தாளில் எடுத்து, குடும்பத்துக்கு வெளியே ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தங்கள் பெயரில் உள்ள பிழையே தெரியாது.

எதைப் போடக்கூடாது?

அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, தொலைபேசி, பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதி, காணி விபரம். முன்பு மலர் ஊருக்குள்ளேயே நின்றது. இன்று அடுத்த நாளே இணையத்துக்குப் போய்விடும்.

மிஞ்சும் பிரதிகளை என்ன செய்வது?

மிஞ்சவிடாதீர்கள் என்றே சொல்லமாட்டேன், கொஞ்சம் கூட அடியுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒன்றை ஊர் வாசிகசாலைக்கு, ஒன்றை அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு, ஒன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் நினைவு வெளியீடுகளையும் சேர்த்து வைக்கிறது. அச்சகத்தில் பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கி அவர்களுக்கும், மூன்று நாட்டில் உள்ள மூன்று பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். ஊர், தொழில், இடப்பெயர்வு, குடும்பம் பற்றி ஆராய்பவர்கள் இந்த மலர்களைத் தேடி வருகிறார்கள்.

31ஆம் நாள் கடந்துவிட்டது. இனி அடிக்கலாமா?

தாராளமாக. ஆட்டைத் திவசத்துக்கு (முதலாம் ஆண்டு நினைவுக்கு) வரும் மலர்கள் பெரும்பாலும் இன்னும் நிறைவாக இருக்கின்றன. ஒரு வருடத்தில் படங்கள் வந்து சேரும், அழுகை அடங்கியபின் கதைகளும் வரும்.

அச்சான பிறகு ஒரு பெயர் விட்டுப்போனது தெரிந்தது. என்ன செய்வது?

கொடுக்கத் தொடங்கவில்லை என்றால் ஒரு துண்டுத் தாளில் திருத்தம் அடித்து, அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக் கொடுங்கள். சும்மா செருகினால் விழுந்துவிடும். கொடுத்து முடிந்திருந்தால் விட்டுப்போனவரிடம் குடும்பத்தின் மூத்தவர் நேரில் போய்ச் சொல்லவேண்டும், தொலைபேசியில் வேண்டாம். பிடிஎஃப் கோப்பைத் திருத்தி, நூலகங்களுக்குக் கொடுத்த பிரதிகளில் கையால் அந்தப் பெயரை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.